கனகாம்பிகையின் கடைசிக் காட்சி

உதயகலா பருத்தித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பண்டத்தரிப்புக்கு வந்திருந்தாள். கைப்பையில் ஒரு பென்ட்ரைவ். அதற்குள் அவள் கம்பஸ் காலத்தில் எழுதிய நாடகம். ஆஸ்பத்திரியில் தாதியாகச் சேர்ந்த பிறகு அதை அவள் திறந்ததேயில்லை. இப்போது அவளுடைய ஊர்ப் பெண்கள் சிலர் அதை மேடையேற்றக் கேட்டிருந்தார்கள். அன்று பின்னேரம் ஊர் வாசிகசாலையில் முதல் ஒத்திகை.

முதல் நாள் வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தபோது பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. ரவுணில் ஒரு கடையில் பைல் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவள் அதை நம்பவில்லை. கூடப் படித்த பிரசாந்திக்கு உடனே போன் எடுத்தாள். பிரசாந்தி பண்டத்தரிப்பில் தன் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கும் நினைவு மலர்களுக்கும் பக்கம் வடிவமைப்பவள். விடிந்ததும் உதயகலா அவளிடம் வந்துவிட்டாள்.

"பழுதாகேல்லையடி," பிரசாந்தி திரையைப் பார்த்ததுமே சொன்னாள். "உது பாமினி எழுத்துரு. அந்த நாளையிலை எல்லாரும் அதிலைதானே ரைப் பண்ணினவை. உன்ரை கொம்பியூட்டரிலையும் இதிலையும் அது இல்லை, அவ்வளவுதான்."

எழுத்துருவைத் தன் கொம்பியூட்டரில் ஏற்றி, பைலை மூடித் திறந்தாள். பக்கம் தமிழாகிவிட்டது. கனகாம்பிகை மேடைக்கு வருகிறாள், கையில் மீன் பறி. உதயகலா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"பிறகென்ன, அனுப்பிவிடு."

"பொறு. நடிக்கிறவை எதிலை வாசிக்கப் போகினம்?"

"போனிலை."

"போனிலை பாமினி தெரியாது. யுனிகோடுக்கு மாத்தவேணும்."

மாற்றுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனால் சில இடங்களில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றன. உதயகலா உரத்து வாசிக்க, பிரசாந்தி திருத்திக்கொண்டு போனாள். கனகாம்பிகையின் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாத காட்சியில் இரண்டு பேரும் கொஞ்சம் மெதுவாகினார்கள். அது முடிந்ததும் பைலும் முடிந்துவிட்டது.

"கடைசிக் காட்சி எங்கை?"

அது தனிப் பைலாக இருந்தது. வேர்ட் அதைத் திறக்க மறுத்தது. அந்தக் காலத்தில் அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய புரோகிராமில் அடித்தது என்று உதயகலாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"உதைத் திறக்கிற புரோகிராம் ஒண்டு இருக்கு. இறக்கவேணும்," என்றாள் பிரசாந்தி. "இன்ரநெற் இண்டைக்கு நத்தை மாதிரிப் போகுது. ஆனால் கட்டாயம் திறப்பன். நீ தேத்தண்ணியைக் குடி."

உதயகலாவால் சும்மா இருக்க முடியவில்லை. முடிவு அவளுக்குத் தெரியும், வசனங்கள்தான் மறந்துபோயின. ஞாபகத்திலிருந்து எழுதுவோம் என்று போனை எடுத்தாள். கனகாம்பிகையைக் கடற்கரையில் இருத்தினாள். கையில் விளக்கைக் கொடுத்தாள். அதற்கு மேல் ஓடவில்லை.

ஆஸ்பத்திரி வோட்டில் அவள் கண்ட பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். புருசனைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், காய்ச்சல் பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு, "மிஸ், மீன் விக்கப் போட்டு வாறன், பாத்துக்கொள்ளுங்கோ" என்று ஓடுகிறவர்கள். அவர்களோடு அவள் எத்தனையோ நாள் இருந்து கதைத்திருக்கிறாள். எழுதியதை அழித்தாள். கனகாம்பிகையை எழுப்பி மீன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புருசனின் வள்ளத்தை வேறு ஆட்கள் ஓட்டி வருகிறார்கள். அதில் வந்த மீனுக்கு ஆம்பிளையள் நடுவில் நின்று கனகாம்பிகை தானே ஏலத்தில் விலை கூப்பிடுகிறாள். வசனங்கள் தங்கள் பாட்டில் வந்தன.

"திறந்திட்டன்," என்றாள் பிரசாந்தி.

பழைய காட்சி திரையில் நின்றது. வரிகள் அங்குமிங்கும் சிதறியிருந்தாலும் எல்லாம் இருந்தது. கனகாம்பிகை விளக்கோடு காத்திருக்கிறாள். விளக்கு அணைகிறது. திரை.

உதயகலா அதை முழுதாக வாசித்தாள். பிறகு போனை நீட்டினாள். பிரசாந்தி ஒரு தரம் வாசித்துவிட்டு மேலே போய் மறுபடியும் வாசித்தாள்.

"எதைச் சேக்கிறது?"

"புதுசை."

"நல்லா யோசிச்சியோ?"

"ஓம். முந்தி எழுதேக்கை புருசனைக் கடலுக்குக் குடுத்த ஒரு பொம்பிளையையும் நான் கேட்டுப் பாக்கேல்லை. இப்ப எனக்குத் தெரியும்."

"அப்ப பழையது?"

"அதையும் மாத்தித் தா. வைச்சிருப்பம்."

பிரசாந்தி புதிய காட்சியைச் சேர்த்து, பி.டி.எப் ஆக்கி, தன் போனில் திறந்து எல்லா எழுத்தும் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அனுப்பினாள்.

பின்னேரம் வாசிகசாலையில் பெண்கள் போன்களோடு வட்டமாக இருந்தார்கள். கனகாம்பிகையாக நடிப்பவள் நிரோஜா, தபால் கந்தோரில் வேலை செய்பவள், மெல்லிய குரல்காரி. கடைசிக் காட்சியை முணுமுணுத்து வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, இதை நான் கத்தித்தான் கதைக்கவேணும், என்ன?"

"ஓம். கடைசி வரிசைக்குக் கேக்கவேணும்."

நிரோஜா செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றாள். முதல் தரம் குரல் உடைந்தது. இரண்டாம் தரம் மீன் விலையைக் கூப்பிட்டபோது ரோட்டில் போன சைக்கிள்காரர் ஒருவர் காலூன்றி நின்று யன்னலைப் பார்த்தார்.