ஆறு மாதக் கறி

அப்பாவின் கையில் சுற்றிவிட ஜெபமாலையைத் தேடி அலமாரியைத் துழாவிய ஷாலினி மேரிக்கு முதலில் அகப்பட்டது கறிப் பொட்டலம். வெள்ளி நிற உறையின் மேல் அப்பாவின் கோணல் எழுத்து: ‘நவம்பர் 14. அதுக்கு முன்னாடி யாரும் தொடக் கூடாது. சவரிமுத்து.’

அன்றுதான் நவம்பர் 14. முந்தின நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே போய்விட்டார்.

முப்பது வருடம் சிமெண்ட் லாரி ஓட்டியவர். வழியில் கண்ட கடையில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வருவார். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, உணவைக் கதிர்வீச்சால் கெடாமல் வைக்கும் ஆராய்ச்சியில் போய் நின்றாள் ஷாலினி. கிருமிகள் சொன்னபடி செத்தன. கறியிலுள்ள கொழுப்புதான் மல்லுக்கட்டியது. கதிர் பட்ட கொழுப்பு, காற்றும் சேர்ந்துகொண்டால் சிக்கு வாடை அடிக்கும்.

முதல் பொட்டலத்தை அப்பாதான் ருசி பார்த்தார். மகளுக்காக விழுங்கிவிட்டு, “மழையில நனைஞ்ச நாய் மாதிரி நாறுதும்மா” என்றார். சிரித்த சிரிப்பில் அம்மா மரிய புஷ்பத்துக்குப் புரையேறியது.

கொழுப்பை நறுக்கி எறிந்துவிட்டு வெறும் சதையை வைத்து ஆராய்ச்சியை முடிக்கச் சொன்னார் பேராசிரியர். அப்பா ஒப்பவில்லை.

“கொழுப்பில்லாம அது என்னா கறி? லாரிக்காரன் எவன் திம்பான்?”

அதனால் ஷாலினி கறியை மசாலாவோடு வேகவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, கல்லாக உறையவைத்து, அந்தக் குளிரிலேயே கதிர் காட்டினாள். கிருமி இல்லை என்று உறுதியானபின் ஒரு பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குளிர்பெட்டியில் வைக்காமல் ஆறு மாதம் வெளியிலேயே இருக்க வேண்டும். இதுவும் நாறினால் கொழுப்பைக் கைவிடுவதாகப் பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். இப்போது ருசி பார்க்கும் வாயே போய்விட்டது.

அடக்கம் முடிந்து திரும்பியதும் அண்ணன் ஜூட்டின் மாமியார் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. அம்மா தொடவில்லை. முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீரோடு சரி. ஷாலினி பொட்டலத்தை நீட்டினாள்.

“அப்பா இன்னைக்குத்தாம்மா தேதி போட்டு வச்சிருக்காரு.”

அம்மா எழுத்தைத் தடவிப் பார்த்தாள். “கிழமையப் பாத்தாரா அந்த மனுசன்? வெள்ளிக்கிழமையில நம்ம வூட்டுல என்னைக்குக் கறி தின்னுருக்கோம்?”

சொல்லும்போதே அழுகை உடைந்தது. அதுவரை அவள் அழவே இல்லை. பொட்டலத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஜூட் சோறு வடித்து இறக்கியபோது, அம்மாவே கத்தரிக்கோலோடு வந்தாள். உறையின் வாயைக் கத்தரித்ததும் அம்மா குனிந்து மோந்தாள். மறுபடி மோந்தாள். பிறகு கொழுப்புத் துண்டாகப் பார்த்துப் பொறுக்கி வாயில் போட்டு நெடுநேரம் மென்றாள்.

“நாறுதாம்மா?”

“உப்புதான் கம்மி.”

அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“சோத்தப் போடு. நீயும் உக்காரு.”

ஷாலினி இரண்டு தட்டுகளை எடுத்துக் கழுவினாள்.