பூஜையில் வைத்த கேமரா

சந்தனக் கிண்ணம் கையில் கிடைத்துவிட்டால் என் அம்மா ஜெயலக்ஷ்மிக்கு நிறுத்தத் தெரியாது. கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டில் நவராத்திரி அஷ்டமி சாயங்காலம் சரஸ்வதி பூஜை வைத்தால் புத்தகம், பேனா, கத்தரிக்கோல், என் லேப்டாப் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. போன வருஷம் சார்ஜர் ஓட்டைக்குள் சந்தனம் போய், ஆபீஸில் எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள்.

வைத்த பொருளைத் தசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. இந்த வருஷம் நான் தொட்டேன். நவமி மத்தியானம், அம்மா தெருக்கோடி வீட்டில் கொலு பார்க்கப் போயிருந்தாள். நான் தொட்டது வினயின் கேமராவை.

வினய் என் தம்பி. பைக்கில் போனக்காடு மலைக்குப் போனவன், வித்துரா ஊரைத் தாண்டி ஒரு வளைவில் விழுந்து போய்விட்டான். பையிலிருந்த கேமரா மட்டும் கீறல் இல்லாமல் வீடு வந்தது. பென்சில் பேட்டரி போடுகிற பழைய மாடல், அப்போதே யாரும் சீந்தாதது. அதன் மெமரி கார்டில் ஒரு சின்ன வீடியோ இருக்கிறது. அம்மா அடுக்களையில் தோசை வார்க்கிறாள், முதுகு மட்டும் தெரிகிறது. "அம்மா, இங்க பாரு" என்கிறான் வினய். "போடா, வேலை இருக்கு" என்கிறாள். "ஒரே ஒரு தடவை பாரேம்மா." அவள் திரும்பவில்லை. அவ்வளவுதான் வீடியோ.

அவன் குரல் என்று எங்களிடம் வேறு எதுவும் இல்லை. தினமும் விளக்கேற்றிய பிறகு அம்மா கேமராவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு அதைக் கேட்பாள். போனில் காப்பி எடுத்துத் தருகிறேன் என்றால் எரிந்து விழுவாள். கேமராவை என் கையில்கூடத் தர மாட்டாள். அந்தக் கார்டு எந்த நாளும் மண்டையைப் போடலாம் என்று எனக்கு உள்ளூர பயம். அவளுக்குத் தெரியாமல் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

பூஜைக்கு வந்திருந்த என் கணவர் ஸ்ரீநிவாஸ் பூஜைப் பலகைக்கு நேர் எதிரே கூடத்தில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பாயசம் உள்ளே போய்விட்டால் வீடு இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அவரைச் சுற்றிப் போய் கேமராவை எடுத்து உள் அறைக்குக் கொண்டுவந்து ஆன் செய்தேன். லென்ஸ் முனகிக்கொண்டு வெளியே வந்தது. 'கார்டு எரர்' என்றது திரை.

டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியைப் பிடுங்கி மாற்றினேன். அதே எரர். கார்டின் ஓரத்தில் இருக்கும் குட்டிப் பூட்டு நகர்ந்திருக்குமோ என்று பார்த்தேன், நகரவில்லை. திரும்பப் போட்டதும் கேமரா 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. அதற்குச் சரி என்று அழுத்தினால் என் தம்பி இரண்டாம் தடவை செத்துப்போவான். வேண்டாம் என்று அழுத்தினேன்.

அப்புறம்தான் கார்டு போகும் இடுக்கைச் சரியாகப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது சந்தனம். பொட்டு இல்லை, விரலால் அள்ளி அப்பியது. அம்மாவின் பக்தியை வாய்விட்டுத் திட்டினேன். கார்டின் செப்புப் பட்டைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்தேன். இடுக்கைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ரப்பரும் லேப்டாப்பும்கூடப் பூஜையிலிருந்து எடுத்தவைதான். தொட்டது தொட்டாயிற்று, ஒன்றென்ன மூன்றென்ன.

லேப்டாப்பில் கார்டு திறந்தது. வினயின் வீடியோ இருந்தது. அதைக் காப்பி எடுத்து, ஒரு தடவை கேட்டு, அழுதும் முடித்தேன். பிறகுதான் அதற்குப் பின்னால் இரண்டு படங்கள் இருப்பதைக் கவனித்தேன்.

முதல் படத்தில் அப்பா சாய்வு நாற்காலியில் தூங்குகிறார். காலில் மாவுக்கட்டு. அப்பா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டது வினய் போனதற்கு அப்புறம். படத்தின் தேதி ஜனவரி ஒன்று என்றது. பேட்டரி மாற்றினால் இந்தக் கேமரா அந்தத் தேதிக்கே போய்விடும், அதை நம்ப முடியாது. ஆனால் மாவுக்கட்டு பொய் சொல்லாது. படத்தின் ஓரத்தில் குத்துவிளக்கின் அடியும் பட்டு சுற்றிய புத்தகங்களும் மங்கலாகத் தெரிந்தன. பூஜைப் பலகையிலிருந்து எடுத்த படம் அது. அந்த வருஷம் தை மாதம் அப்பா போனார்.

இரண்டாவது படத்திலும் அதே விளக்கு. பாயில் தூங்குவது பிச்சுமணி சித்தப்பா. அடுத்த வருஷம் பூஜைக்கு வந்திருந்தவர், சித்திரை விஷுவுக்கு உயிரோடு இல்லை.

பூஜையில் வைத்ததை யாரும் தொட மாட்டார்கள், பிறகு இதையெல்லாம் எடுத்தது யார்? வாசல் கேட் சத்தம் கேட்டதும் கார்டைக் கேமராவுக்குள் தள்ளி, கேமராவை ஓடிப்போய் இருந்த இடத்திலேயே வைத்தேன். லேப்டாப்பை மறந்துவிட்டேன். உள் அறையில் அதைப் பார்த்தவுடன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"பூஜை வெச்சதைத் தொட்டியா, மீரா?"

"கேமராவுக்குள்ள உன் சந்தனம்மா. எரர் காட்டித்து. துடைச்சு சரியாக்கிட்டேன். வினய் குரல் பத்திரமா இருக்கு."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சேதாண்டி அப்பினேன். நவமி மத்தியானம் அவன் படம் எடுப்பான். முன்னாடி யார் தூங்கறாளோ அவாளை. பேட்டரியைக் கழட்டி வெச்சும் பார்த்தேன், கேக்கலை. அவன் சாமானைப் பூஜையில வைக்காம இருக்கவும் மனசு வரலை."

"தூக்கி எறிய வேண்டியதுதானே?"

"அவன் சத்தம் அதுல அல்லே இருக்கு?" அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அப்பறம் வருஷா வருஷம் நானே போய் அங்க படுத்துண்டேன். என்னை எடுக்கவே மாட்டேங்கறான். அன்னிக்கு நான் திரும்பலையோன்னோ, அந்தக் கோவம். இந்தத் தடவை மாப்பிள்ளை வந்திருக்கார். கூடத்துலதான் தூங்குவார். அங்க படுக்காதீங்கோன்னு மாப்பிள்ளை கிட்ட நான் எப்படிச் சொல்வேன்? சத்தம் போனாப் போறது, கேட்டது மதி, போறும்னு அப்பிட்டேன்."

அவள் சொல்லி முடிக்கவில்லை. கூடத்தில் லென்ஸ் முனகியது.

ஓடினோம். பலகையில் கேமரா கண்ணை நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. "ஸ்ரீநி, எழுந்திருங்கோ" என்று கத்தினேன். அவர் புரண்டு படுத்தார். மாப்பிள்ளை எதிரே நேராக நின்று பேசாத என் அம்மா, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டினாள். கேமராவுக்கும் அவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, முகத்தை லென்ஸுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"வினய், இதோ அம்மா திரும்பிட்டேன். பாருடா" என்றாள்.

கிளிக் என்றது. விளக்கு அணைந்து, லென்ஸ் உள்ளே போனது. ஸ்ரீநிவாஸ் கண்ணைத் திறந்து, "கரண்ட் போயிடுத்தா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை பூஜை எடுத்ததும் அம்மாவே கேமராவை என்னிடம் நீட்டினாள். அவள் அதை என் கையில் தந்தது அதுதான் முதல் தடவை. மூன்றாவதாக ஒரு படம் இருந்தது. படம் முழுக்க அவள் முகம், பின்னால் ஸ்ரீநிவாஸின் கட்டைவிரல்கூடத் தெரியவில்லை. வினய் போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நன்னா விழுந்திருக்கு கேட்டியா" என்றாள் அம்மா. "இதைக் காப்பி எடுத்துப் பெரிசாப் பிரின்ட் போட்டு வெச்சுக்கோ. அப்பறம் மாட்டறதுக்கு நல்ல படம் இல்லைன்னு தேட வேண்டாம்."

இன்னும் பிரின்ட் போடவில்லை. போடவும் மாட்டேன், அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம், அதைவிடப் பயம். தை பிறக்கப்போகிறது. அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். இப்போதெல்லாம் சாயங்காலம் கேமராவைத் தேடுவதில்லை. காலையில் அடுக்களை வாசலில் நின்று கூப்பிட்டேன். தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு, ஒரே கூப்பிடலில் திரும்பிப் பார்த்தாள்.