பத்து மணிக்கு அணையும் யானை விளக்கு

எண்ணெய் தீர்ந்து ஒரு விளக்கு அணைந்தால் அதில் புரியாதது ஒன்றுமில்லை. இந்த விளக்கு எண்ணெய் அதிகமாகி அணைந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு லட்சுமியம்மாள் கூடத்துக்குள் வந்தபோது, உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிய பித்தளை யானையின் காலடித் தட்டு தளும்பிக்கொண்டிருந்தது. விளிம்பைத் தாண்டிச் சொட்டிய எண்ணெய் புது சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. திரி முழுக்க மூழ்கிவிட்டது. கருகிய வாசனைதான் மிச்சம்.

விடிந்ததும் அவள் பார்த்தபோது எண்ணெய் எப்போதும் நிற்கிற மட்டத்தில்தான் நின்றது. அதற்குப் பிறகு யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. அப்படியென்றால் இத்தனை எண்ணெய் எப்படித் தட்டுக்கு வந்தது?

"மறுபடியும் அணைச்சிட்டியா?" பின்னால் மாமியார் கெங்கம்மாளின் குரல்.

"நான் தொடவே இல்ல அத்தே. களத்து ஆளுங்களுக்குக் கூழ் ஊத்திக்கினு இருந்தேன்."

"தொடாமலே அணையுதுன்னா அது இன்னும் மோசம்டி."

கெங்கம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் லட்சுமிக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. போன வாரம் புதனும் வியாழனும் இதே மாதிரி அணைந்தது. இந்த வியாழக்கிழமை கெங்கம்மாளின் ஒரே மகளுக்கு இதே கூடத்தில் நிச்சயம். விக்கிரவாண்டியிலிருந்து பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பத்தரை மணிக்குத் தட்டு மாற்ற வேண்டும்.

"அந்த நேரத்துல இது அணைஞ்சிதுன்னு வச்சிக்க, அவங்க வந்த வழியே போயிடுவாங்க. என் பொண்ணு வாழ்க்கை போச்சு. நாலு வருசமா உன் வயித்துலயும் ஒண்ணும் தங்கல, உன் கையில விளக்கும் தங்கல. வியாழக்கிழமை அணைஞ்சா நீ பிரம்மதேசம் போய் உங்கப்பன் வூட்ல இரு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

அந்தக் குடும்பத்தில் 'அப்புறம் பாக்கலாம்' என்றால் என்ன என்று லட்சுமிக்குத் தெரியும். மாமனாரின் அண்ணன் முதல் தாரத்தை அப்படித்தான் அனுப்பினார். ஆறே மாதத்தில் வேறு ஒருத்தி வந்துவிட்டாள். அனுப்பப்பட்டவள் இன்றும் செஞ்சிப் பக்கம் அண்ணன் வீட்டில் மாடு மேய்க்கிறாள்.

மாமனார் சக்கரபாணி திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரத்தில் நன்றாக வந்தவர். 1938 தை மாதம் இந்த வீட்டைக் கட்டி முடித்ததும், கூடத்தைக் கோயில் மண்டபம் மாதிரி ஆக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. விழுப்புரத்துப் பித்தளை வேலைக்காரர் விருத்தாசலம் ஆசாரியை ஊர் ஊராகக் கோயில்களுக்கு அழைத்துப் போய்த் தூண்களைக் காட்டினார். ஆசாரி அவற்றைக் காகிதத்தில் வரைந்து, மெழுகில் பிடித்து, பித்தளையில் வார்த்துக்கொடுத்தார். வாசற்படிக்கு இரண்டு பக்கமும் வாய் பிளந்த யாளிகள். சுவரோரம் கையில் அகலோடு ஒரு பாவை. சங்கு ஊதும் குட்டைப் பூதம் ஒன்று, தோகை மடக்கிய மயில் ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த யானை விளக்கு. பித்தளை மின்ன வேண்டும் என்பதற்காக, மங்களூர் ஓட்டுக்கூரையில் புதுச்சேரியிலிருந்து வாங்கிவந்த கண்ணாடி ஓடுகள் நான்கைப் பதித்தார்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் யானையைத்தான் முதலில் காட்டுவார். "வெள்ளிக்கு வெள்ளி ஊத்தினா போதும். அதுவா குடிச்சிக்கினு அதுவா எரியும்" என்பார். அவர் சொல்லிச் சொல்லி அது வீட்டுச் சட்டமாகவே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் கெங்கம்மாள் தன் கையால் எண்ணெய் ஊற்றுவாள். மற்ற நாளில் யாரும் ஊற்றக்கூடாது. தட்டைத் துடைப்பதும் திரியைத் தூண்டுவதும் மட்டும் லட்சுமியின் வேலை.

யானை 'குடிக்கிற' சூட்சுமம் பெரிய மந்திரமில்லை. ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, வாயைக் கையால் பொத்தி, தண்ணீர் உள்ள தட்டில் கவிழ்த்துவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். சொம்புத் தண்ணீர் அப்படியே நிற்கும். உள்ளே காற்று போனால்தான் தண்ணீர் வெளியே வரும். தட்டில் தண்ணீர் குறைந்து சொம்பின் வாய் சற்றே தெரிந்தால், 'குளுக்' என்று ஒரு குமிழி காற்று உள்ளே போகும். அந்த அளவு தண்ணீர் இறங்கும். வாய் மறுபடி மூடிக்கொள்ளும். யானையின் வயிறுதான் சொம்பு. முன்னங்கால்களுக்கு நடுவே இறங்கும் சின்னக் குழாய்தான் அதன் வாய். முதுகில் உள்ள அம்பாரியைத் திருகிக் கழற்றி எண்ணெயை ஊற்றி, காற்றுப் புகாமல் இறுக்கிவிட்டால், திரி குடிக்கக் குடிக்க யானை கொடுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் இறங்குகிற அளவுக்கு வயிற்றில் காற்று சேரும்.

அன்று சாயங்கால ரயிலிலேயே லட்சுமியின் புருஷன் அப்பாதுரை விழுப்புரம் போய், புதன்கிழமை காலையில் ஆசாரியை அழைத்துவந்தான். அம்மாவை எதிர்த்து ஒரு சொல் பேசாதவன் அவளுக்காகச் செய்தது அதுதான்.

யானையை இறக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோனார்கள். விருத்தாசலம் ஆசாரி குழாயை விரலால் அடைத்து, உள்ளே இருந்த எண்ணெயோடு முழு யானையையும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். ஒரு குமிழி வரவில்லை.

"பொத்தலும் இல்ல, கீறலும் இல்ல. பொத்தல் இருந்தா அத்தனை எண்ணெயும் ஒரே மூச்சுல கொட்டிடுங்க எசமான். பத்து மணி ஆவட்டும்னு மணி பாத்துக்கினு ஒழுவாது."

"அப்ப யானைக்கு மணி பாக்கத் தெரியுமா ஆசாரி?" என்றார் சக்கரபாணி எரிச்சலோடு. "நாளைக்கு என் மானம் போனா, அத்தனை பொம்மையையும் சம்மட்டியால நொறுக்கி உங்க பட்டறைக்கே அனுப்பிடுவேன்."

வேப்பமர நிழலில் யானையைத் தொங்கவிட்டு ஏற்றினார்கள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு சொட்டு விழவில்லை.

"பட்டறையிலயும் இப்படித்தான் எரிஞ்சிது" என்றார் ஆசாரி. அவர் முகம் வெளுத்திருந்தது. "எந்தெந்த நாளு ஒழுவுதும்மா?"

லட்சுமி கதவோரம் நின்று விரல் விட்டு எண்ணினாள். "வெள்ளிக்கெழம ஊத்தறோம். சனி, ஞாயிறு ஒண்ணுமில்ல. திங்கக்கெழம தட்டு லேசா தளும்பும். செவ்வா சொட்டும். புதன், வியாழன் கொட்டும். மறுபடி வெள்ளிக்கெழம ஒண்ணுமில்ல."

"எண்ணெய் நெறைய இருக்கறப்ப ஒழுவல, கொறைஞ்சப்ப ஒழுவுதா? இன்னாம்மா தலைகீழா இருக்குது?" ஆசாரி தலையைச் சொறிந்துகொண்டார். "நாளைக்கு நான் இங்கயே இருக்கறேங்க எசமான். கண்ணால பாத்துட்டுதான் போவேன்."

வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்குப் பிள்ளை வீட்டார் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். ஜமக்காளம் நிறைந்தது. கெங்கம்மாள் மருமகளின் காதில், "கூடத்த விட்டு நவுராத. கூழ் ஊத்த இன்னைக்கு வேற ஆளு இருக்குது" என்றாள். அதனால்தான் லட்சுமி அந்த நேரத்தில் முதல்முறையாக யானையின் பக்கத்தில் நின்றாள். தாம்பாளங்களை அடுக்கும் சாக்கில் கண்ணை அதன்மேலேயே வைத்திருந்தாள்.

"இது வெள்ளிக்கு வெள்ளிதாங்க" என்று சக்கரபாணி ஆரம்பித்துவிட்டார். பிள்ளையின் தாய்மாமன் சவுரிராயன் அண்ணாந்து பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

கண்ணாடி ஓடு வழியே விழுந்த வெயில் சதுரம் சுவரிலிருந்து இறங்கி வந்தது. யாளியின் பற்கள் மின்னின. பிறகு பாவையின் தோள். பத்து மணிக்கு வெயில் யானையின் முதுகில் ஏறியது. கூடமே 'ஆகா' என்றது.

தட்டில் எண்ணெய் மட்டம் மெல்ல உயர்ந்தது.

லட்சுமி குழாயின் வாயையே உற்றுப் பார்த்தாள். குமிழி எதுவும் வரவில்லை. யாரோ உள்ளிருந்து தள்ளுகிறமாதிரி குழாய் வழியாக எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. சுடர் குட்டையாகி நீலம் தட்டியது. விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"இன்னா மச்சான், யானைக்கு ஜலதோசமா? மூக்கு ஒழுவுது!" என்றார் சவுரிராயன். சிலர் சிரித்தார்கள். பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை. அவள் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லட்சுமி கையை நீட்டி யானையின் வயிற்றைத் தொட்டாள். சுட்டது. தட்டைத் தொட்டாள். அது அவ்வளவு சுடவில்லை.

களத்தில் மூடியை இறுக்கிப் போட்டுவைத்த காலி மண்ணெண்ணெய் டின்கள் உச்சிவெயிலில் 'டொம்'மென்று உப்பும். உள்ளே அடைபட்ட காற்று சூடேறி இடம் கேட்கிறது. டின்னுக்காவது உப்ப இடம் உண்டு. இந்த வார்ப்புப் பித்தளை உப்பாது. அப்போது காற்று எதைத் தள்ளும்? அடியில் இருக்கிற எண்ணெயைத்தான். வெள்ளிக்கிழமை வயிறு நிறைய எண்ணெய், காற்றே இல்லை. நாளுக்கு நாள் எண்ணெய் குறைந்து காற்று கூடுகிறது. வியாழக்கிழமை வயிற்றில் பெரும்பகுதி காற்று.

அவள் ஒரு காலித் தாம்பாளத்தை எடுத்து வெயிலுக்கும் யானைக்கும் நடுவே உயர்த்திப் பிடித்தாள்.

"லட்சுமி! இன்னா பண்ணிக்கினு இருக்க?" கெங்கம்மாளின் குரல் நடுங்கியது.

அவள் மனசுக்குள் நூறு எண்ணும்வரை காத்திருந்தாள். பித்தளை ஆற ஆற, தட்டு எண்ணெய் குழாய்க்குள்ளேயே திரும்ப ஏறியது. மட்டம் ஒரு நெல்லளவு இறங்கியது. சுடர் கொஞ்சம் நிமிர்ந்தது. வாசலில் நின்ற விருத்தாசலம் ஆசாரி அதைப் பார்த்துவிட்டு இரண்டே எட்டில் பக்கத்தில் வந்தார்.

"காத்து" என்றாள் லட்சுமி தணிந்த குரலில். "உள்ள இருக்கற காத்து வெயில்ல பெருசாவுது ஆசாரி. அதான் தள்ளுது. காத்து இல்லன்னா தள்ளாது."

ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். "பட்டறையில வெயிலே கெடையாதே! நேத்து வேப்பமரத்து நெழலு! அடப்பாவி, நான் ஒரு மடையன்... எண்ணெய் இருக்குதாம்மா? ஜல்தி!"

எண்ணெய்ச் சொம்பு கெங்கம்மாளின் பொறுப்பு. லட்சுமி தாம்பாளத்தை இறக்காமலே மாமியார் பக்கம் திரும்பினாள். கை கடுத்தது. எத்தனை நேரம் இப்படி நிற்க முடியும்? தட்டு மாற்ற இன்னும் இருபது நிமிஷத்துக்கு மேல் இருந்தது.

"அத்தே, வயிறு நெறைய எண்ணெய் ஊத்தணும். இப்பவே."

"வியாழக்கிழமையிலியா? இப்பதான உங்க மாமா அத்தனை பேர் எதிர்ல வெள்ளிக்கு வெள்ளின்னாரு!"

"ஊத்தலன்னா அணைஞ்சிடும் அத்தே. நான் ஊருக்குப் போறது அப்புறம். உங்க பொண்ண நெனைச்சிப் பாருங்க."

சக்கரபாணி முகம் சிவந்து எழப்போனார். கெங்கம்மாள் புருஷனைப் பார்த்தாள். நீலமாகத் துடித்துக்கொண்டிருந்த சுடரைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய் எண்ணெய்ச் சொம்பைக் கொண்டுவந்து மருமகளிடம் நீட்டினாள்.

"ஊத்துடி."

தாம்பாளத்தை அப்பாதுரை வாங்கிப் பிடித்துக்கொண்டான். ஆசாரி தட்டுக்குள் விரலை விட்டுக் குழாயின் வாயை அடைத்தார். அடைக்காமல் அம்பாரியைத் திறந்தால் மேலிருந்து காற்று புகுந்து மிச்சம் மொத்தமும் கொட்டிவிடும். லட்சுமி அம்பாரியைத் திருகிக் கழற்றி, நூலாக ஊற்றினாள். எண்ணெய் கழுத்துவரை ஏறி முதுகுத் துளையில் பளபளத்தது. அம்பாரியை இறுக்கினாள். தட்டில் அதிகமாக நின்றதை ஒரு துணியில் ஒற்றி எடுத்தாள். ஆசாரி விரலை எடுத்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"இப்ப தாம்பாளத்த எடுங்க" என்றாள் புருஷனிடம்.

வெயில் யானையின் மேல் முழுசாக விழுந்தது. பத்தேகால். பத்து இருபது. கெங்கம்மாள் மூச்சு விடாமல் பார்த்தாள். எண்ணெய் மட்டம் ஒரு மயிரிழை ஏறி அங்கேயே நின்றது. சுடர் மஞ்சளாக நிமிர்ந்து எரிந்தது.

"இன்னாம்மா இது, இன்னைக்கும் ஊத்தறீங்க?" என்று கேட்டாள் பிள்ளையின் தாய்.

"நல்ல நாளாச்சே, வயிறு நெறையட்டும்னு எங்க மருமவ ஊத்தினா" என்றாள் கெங்கம்மாள். குரலில் நடுக்கம் போயிருந்தது.

பத்தரைக்குத் தட்டு மாற்றினார்கள். வெயில் பதினொரு மணிக்கு யானையை விட்டுத் தரைக்கு இறங்கும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பந்தி முடிந்ததும் கெங்கம்மாள் எண்ணெய்ச் சொம்பை லட்சுமியின் பக்கம் தள்ளிவைத்தாள். "இனிமே இது உன் கையிலயே இருக்கட்டும். எப்ப ஊத்தணும்னு சொல்லு, மாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

லட்சுமி சொன்னாள். வாரம் ஒருமுறை போதாது. தினமும் விடிந்ததும், வெயில் கூடத்துக்கு வருமுன், குழாயை விரலால் அடைத்து யானையின் வயிற்றைக் கழுத்துவரை எண்ணெயால் நிரப்பி மூடிவிட வேண்டும். உள்ளே காற்று இல்லாவிட்டால் வெயிலில் விரிய ஒன்றும் இருக்காது, எண்ணெய் தட்டுக்குப் பொங்கி வராது, திரி மூழ்காது.