காதுவலி எழுதிய விமர்சனம்

வசனக்காரிக்குப் பல் துலக்குவதற்கு முன்பே திட்டு வாங்கியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. போனைக் கையில் எடுத்தால் போதும், முகம் தெரியாத ஆட்கள் இரவெல்லாம் கரித்துக் கொட்டியிருப்பார்கள். அவள் வசனம் எழுதிய துப்பறியும் போன் விளையாட்டு வெளியாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் எழுதப் படிக்கத் தெரிந்த அத்தனை பேருக்கும் அவள்மேல் தீராத பகை.

'துப்பறிபவர் கொஞ்ச நேரம் வாயை மூடினால் கொலைகாரன் தானாகவே வந்து சரணடைவான்' என்று ஒருவன். 'படிப்பதற்குப் பாடப்புத்தகம் இருக்கிறது, எனக்கு ஒரு துப்பாக்கியாவது கொடுங்கள்' என்று இன்னொருவன். 'இந்த ஆட்டத்தில் செத்தவன்தான் கொடுத்துவைத்தவன், அவனுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை' என்று மூன்றாவது ஒருவன். நன்றாகத்தான் எழுதுகிறான் பாவி, நாசமாய்ப் போக, என்று அவள் போனைத் தலையணையில் வீசினாள்.

ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே மூன்று மேஜைகள், ஒரு கண்ணாடி அறை. கண்ணாடி அறைக்குள் முதலாளி. வெளியே அவளும் அவளுடைய தம்பியும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அவள் எழுதுவதைக் கணினிக்குள் ஏற்றி ஓட வைப்பது தம்பியின் வேலை. அவனை இங்கே சேர்த்துவிட்டவளும் அவள்தான். அதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டாமல் இருக்க அவளால் முடிந்ததில்லை.

உள்ளே நுழையும்போதே முதலாளி வழி மறித்தார். "அடுத்த ஆட்டத்துல பேச்சு வேணுமா, இல்ல புதிர் மட்டும் போதுமான்னு இன்னைக்கு மத்தியானம் முடிவு பண்ணிடுவோம். அந்தக் காதுவலி எழுதினதைப் படிச்சீங்கல்ல?"

புதிர் மட்டும் போதும் என்றால் வசனக்காரிக்கு வேலை போச்சு. அவர் அதை நாசூக்காகச் சொல்கிறாராம்.

காதுவலி என்ற பெயரில் எவனோ எழுதிய விமர்சனத்துக்குத்தான் கூட்டம் அதிகம். நூற்றுக்கணக்கானவர்கள் கீழே வந்து ஒத்து ஊதியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் பதில் தயார் பண்ண வேண்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவள் அதை மறுபடி திறந்தாள். முதல் தடவை படித்தபோது கோபத்தில் பாதி எழுத்து கண்ணில் படவில்லை. இப்போது நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

'ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வரும் பையனை வாசலிலேயே நிறுத்திவைத்து, எங்கே போனாய், யாரோடு போனாய், சட்டை ஏன் நனைந்தது என்று குடைகிறார் துப்பறிபவர். பையன் எந்தப் பதிலைச் சொன்னாலும் அடுத்த கேள்விதான். எழுதியவருக்கு இது சிரிப்பாக இருந்திருக்கும். ஆடுகிறவனுக்கு மூச்சு முட்டுகிறது.'

கீழே ஒத்து ஊதியவர்கள்: 'ஆமாம், அந்த வாசலில்தான் நான் ஆட்டத்தையே மூடிவிட்டேன்.' 'ஈரச் சட்டையா, ஐயோ, நினைத்தாலே கொட்டாவி வருகிறது.' 'பொறுமையாக முழுவதும் ஆடினேன், அந்த இடம் படுமட்டம்.'

வசனக்காரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் காட்சி விளையாட்டில் இல்லவே இல்லை.

எழுதினாள், உண்மை. அவளுக்கு ரொம்பப் பிடித்த காட்சியும் அதுதான். ஆட்டம் முழுக்கத் துப்பறிபவராக இருந்து கேள்வி கேட்கிறவர்கள் அந்த ஓர் இடத்தில் மட்டும் பையனாக நின்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் திரையில் மூன்று பதில்கள் வரும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாட்டிக்கொள்வான். பழைய போன்களில் அந்த இடத்தில் ஆட்டம் உறைந்து நின்றுவிடுகிறது என்று தம்பி சொன்னதால், வெளியாவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அதை ஆடாமலேயே ஒரு கூட்டம் ஆடி அலுத்துப்போய்க் கொட்டாவியும் விட்டிருக்கிறது.

சரி, அவர்கள் புளுகர்கள். காதுவலிக்கு எப்படித் தெரிந்தது? முதலாளிக்குத் தன்னுடைய ஆட்டங்களை ஆடிப் பார்க்கிற கெட்ட பழக்கம் கிடையாது. குரல் கொடுத்த நடிகரிடம் துப்பறிபவரின் கேள்விகளை மட்டும் கொடுத்தார்கள், பையனின் பதில்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மிச்சம் இருப்பது ஒரே ஆள். எடுக்கும் நாள்வரை அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, அதைத் தன் கையாலேயே எடுத்ததையும் மறந்துபோகிற அளவுக்கு அது மண்டைக்குள் ஏறிப்போன ஆள்.

நாற்காலியைத் திருப்பித் தம்பியின் ஹெட்போனைப் பிடுங்கினாள். "காதுவலி இப்ப எப்படிடா இருக்கு?"

"யாருக்கு?"

"உனக்குத்தான்டா துரோகி. இல்லாத காட்சியைத் திட்டி எழுதியிருக்கியே, அறிவு வேணாம்?"

தம்பியின் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு இறுகியது. "நேர்ல சொன்னேனே, கேட்டியா? ரசனை கெட்டவன்னு சொன்னே."

"அதுக்காக ஊரைக் கூட்டி என் மூஞ்சில காறித் துப்புவியா? என் பொழப்புடா இது. இந்த நாற்காலியில உன்னை உக்கார வெச்சதே நான்தான்."

"இன்னும் சொல்லலையேன்னு பார்த்தேன்."

"போன்ல உறையுதுன்னு சொன்னது?"

"பொய்தான். அது யாரு வீட்டு வாசல், அக்கா?"

அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு வரவில்லை. "நம்ம வீட்டு வாசல்தான். அப்பா உன்னை நிக்க வெச்சுக் கேட்டாரு. சிரிப்பா இருந்துச்சு, எழுதினேன். இப்ப என்ன அதுக்கு?"

"ஆத்துல விழுந்த சிநேகிதனை இழுத்துப் போட்டுட்டு வந்து நின்னேன். அதைச் சொல்ல விட்டாரா அவரு? நீ உள்ள உக்காந்து சிரிச்சே. எனக்கு வெளிய கேட்டுச்சு. அப்புறம் அந்த நடிகர்கிட்ட அப்பா மாதிரியே தொண்டையைக் கனைக்கச் சொல்லிக் குடுத்தே. எடுக்கிற வரைக்கும் அதை நான் தினமும் ஓட்டிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் போய் வாசல்ல நின்னேன்."

வசனக்காரிக்கு உறுத்தியது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "இதை வீட்டுல சொல்லியிருக்கலாமேடா."

"வீட்டுல யார்கிட்ட?"

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி கூப்பிட்டார். இரண்டு பேரும் போய் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். முதலாளி காதுவலியின் விமர்சனத்தை ஏதோ சாமி வாக்கு மாதிரி உரக்கப் படித்து முடித்தார். "என்ன சொல்றீங்க?" என்று அவளைப் பார்த்தார்.

"அந்தக் காட்சி நம்ம ஆட்டத்துல இல்ல சார். இத்தனை பேரும் ஆடாமயே திட்டுறாங்க."

முதலாளி வாயைப் பிளந்தார். "அப்ப இந்தக் காதுவலிக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாது என்று ஒரு சொல் சொல்லிப் பூசி மெழுகியிருக்கலாம். ஆனால் இரண்டு வாரமாக வாங்கிய வசவெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. "இதோ உக்காந்திருக்கான் சார், காதுவலி."

இவ்வளவுக்கும் முதலாளிக்குக் கோபம் வரவில்லை. அவருடைய புத்தி வேறு எங்கோ ஓடியது. "இல்லாத காட்சிக்கே இத்தனை பேர் அடிச்சுக்கறாங்கன்னா, இருந்தா என்ன ஆகும்! அதைத் திருப்பிச் சேருங்க, இன்னைக்கே. அடுத்த ஆட்டத்துலயும் பேச்சு இருக்கட்டும். நீங்களே எழுதுங்க." தம்பியின் பக்கம் திரும்பினார். "உன் சங்கதியை அப்புறம் வெச்சுக்கறேன். நீ எடுத்ததை நீயே திரும்ப வெச்சு, முழுசா ஓட்டிப் பார்த்துட்டு என்கிட்ட சொல்லு."

ஜெயித்துவிட்டாள். 'அந்தக் காட்சி வேண்டாம் சார்' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அந்த மனிதர் மறுபடி புதிருக்குத் தாவிவிடுவார். அடுத்த ஆட்டத்தையும் தன்னுடைய மேஜையையும் நினைத்து அதை விழுங்கினாள். வெட்கமாக இருந்தது. இருந்தும் சொல்லவில்லை.

தம்பி வந்து உட்கார்ந்து காட்சியைத் திரும்பச் சேர்த்தான். சேர்த்துவிட்டு ஹெட்போனை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினான். ஸ்பீக்கரில் ஒரு தொண்டை கனைத்தது. அச்சு அசலாக அப்பா. நடிகருக்குச் சொல்லிக்கொடுத்தபோது தன்னைத்தானே மெச்சிக்கொண்டவள் இப்போது நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள்.

"எங்கடா போயிருந்தே?" என்று கேட்டது ஸ்பீக்கர்.

தம்பி ஒரு பதிலை அழுத்தினான். "யாரோட?" இன்னொன்றை அழுத்தினான். "பொய் சொல்றியா? சட்டை ஏன் ஈரம்?" அவன் அவசரப்படவில்லை. மூன்று பதில்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துத்தான் அழுத்தினான். கீழே டயர் கடைக்காரன்கூட அந்த நேரம் பார்த்துக் காற்றடிப்பதை நிறுத்தியிருந்தான்.

"டேய், சத்தத்தைக் குறை," என்றாள் வசனக்காரி.

அவன் குறைக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"அக்கா, எழுதினவ நீதானே. இதுல எதை அழுத்தினா அவரு என்னை உள்ள விடுவாரு?"

அப்படி ஒரு பதிலை அவள் எழுதியிருக்கவில்லை.