பாறைக்கு இடது பக்கம்

சாப்பாட்டு மேசையில் நீலத் துண்டு ஒன்றை விரித்து, அதன் ஓரத்தை இரண்டு கையாலும் உள்ளே தள்ளித் தள்ளி வளைவாக்கினார் என் வீட்டுக்காரர். வளைவின் நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, "இதுதான் பாறை" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கூரை மாதிரி மடித்து, டம்ளருக்குப் பக்கத்தில் நிற்க வைக்கப் பார்த்தார். அது படுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு தீக்குச்சிகளை முட்டுக்கொடுத்து ஒருவழியாக நிறுத்தினார்.

"இது நம்ம டென்ட்டு. பாறைக்கு இடது பக்கம். சரியா?"

"அது வலது பக்கம்ங்க."

"இதும்மா இடது."

"உங்க இடது கையைத் தூக்குங்க பாப்போம்."

தூக்கினார். சரியான கையைத்தான் தூக்கினார். நானும் என் இடது கையைத் தூக்கினேன். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் துண்டு. இரண்டு பேர் கையும் ஆளுக்கொரு திசையில் நின்றன.

மூலை நாற்காலியில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். கீழ் வீட்டில் இருப்பவள். அண்ணன் ஊருக்கு வந்துவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. இவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒரு கப்பல் ஆட்களுக்குச் சமைத்துப் பழகிய கை, வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்குச் சுருங்குவதில்லை. மிச்சமாவதையெல்லாம் தீர்த்து வைப்பது தன் கடமை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தனை மாசமா அண்ணன் ஒரு டென்ட்டுல, அண்ணி ஒரு டென்ட்டுலயா இருந்தீங்க? நல்ல குடித்தனம்" என்றாள்.

நாங்களும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

துறைமுகத்தைத் தாண்டியதும் கடல் கரைக்குள் புகுந்து வளைந்து கிடக்கும் ஓர் இடம் இருக்கிறது. வரைபடத்தில் அதற்கு ஏதோ பெரிய பெயர் உண்டு. நாங்கள் சொல்வது வளைவு என்றுதான். அலை அதிகம் கிடையாது, தண்ணீர் வருஷம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும் என்பார்கள். நான் வேலைக்குப் போகும் பேருந்து மேட்டுச் சாலையில் அதைச் சுற்றிக்கொண்டு போகும். ஜன்னலோரம் இடம் கிடைத்த நாளில் முழு வளைவும் தெரியும், நடுவில் அந்த ஒற்றைப் பாறையோடு. சாலை திரும்பியதும் போய்விடும். அவருடைய கப்பலும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் அந்த வழியாகத்தான் போக வேண்டும். போனில் சிக்னல் கிடைக்கும் கடைசி இடம் அது என்பதால், அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு மேலே ஓடிவந்து என்னைக் கூப்பிடுவார். நான் மேட்டிலிருந்து பார்த்தேன், அவர் தண்ணீரிலிருந்து பார்த்தார். அந்த மணலில் கால் வைத்தவர் எங்கள் இருவரில் ஒருவருமில்லை.

அங்கே ஒரு கூடாரம் போட்டு ஓர் இரவு தங்க வேண்டும் என்று யார் முதலில் சொன்னது என்பது இப்போது நினைவில்லை. நான் என்பார் அவர், நான் என்பேன் நான். அவர் எந்தத் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டாலும் அதைத்தான் பேசுவோம். எந்தப் பாத்திரம் எடுத்துப் போவது, அடுப்புக்குக் கல் அங்கேயே கிடைக்குமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கும். கூடாரத்தின் வாசல் கடலைப் பார்த்தா, பாறையைப் பார்த்தா என்று ஒரு தடவை பெரிய சண்டையே வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோதும், அவர் கையில் சூடான எண்ணெய் கொட்டிக் கொப்புளமாகிக் கிடந்தபோதும், இரண்டு பேரும் அதைப் பற்றியெல்லாம் மூச்சுவிடாமல் கூடாரத்தைப் பற்றித்தான் பேசினோம். மகள் படிக்க வெளியூர் போய்விட்ட பிறகு, அந்த வீட்டில் நான் வாய் ஓயாமல் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

நான் வேலை செய்வது கடை வாசலுக்கு வெயில் மறைப்பும் கார்களுக்கு உறையும் தைக்கிற பட்டறையில். முதலாளியம்மாவைக் கேட்டு மிச்சத் துணிகளை வாங்கி, சாப்பாட்டு இடைவேளையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடாரத்தைத் தைத்தேன். பாதி நீலம், பாதி வெள்ளை. பக்கத்து மெஷின்காரி, "யாருக்குடி மாளிகை கட்டுற?" என்பாள். வாய்தான் கேலி பேசும். தடித்த தையலில் என் ஊசி உடைந்தால் அவளுடையதைக் கழற்றிக் கொடுப்பாள்.

இந்தத் தடவை அவர் வருவதற்கு முன்பே கூடாரம் தயாராகி, அலமாரிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. வந்த அன்றே எடுத்துக் காட்டினேன். துணியைத் தடவிப் பார்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார். "பிரமாதம்" என்றார். மடித்துத் திரும்பவும் மேலே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை வந்துகொண்டே இருந்தது. ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டினார். கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார், ஜன்னலுக்கும் போட்டார். போகலாமா என்றால், "போலாம் போலாம்" என்பார், ஏதோ நான் அடுத்த ஜென்மத்துக்குத் தேதி கேட்ட மாதிரி. சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். "அப்புறம்?" என்பார். "அப்புறம் என்ன?" என்பேன். போனில் என்னோடு பேசுகிறவர் ஒருவர், பெட்டியோடு வந்து இறங்குகிறவர் வேறொருவர் என்று எனக்குத் தோன்றும். வாசலில் நிற்கிறவரை உட்கார வைத்துவிட்டு, போன்காரர் எப்போது வருவார் என்று நான் காத்திருப்பேன். பக்கத்திலேயே இருக்கிற ஆளை நினைத்து ஏங்குவது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஏங்கினேன்.

அன்று நாத்தனார் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே போனதும், துண்டு விரித்தபடியே கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"இந்தத் தடவையாவது கூட்டிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா? ஒண்ணு சொல்லிடுங்க" என்றேன்.

அவர் தீக்குச்சியைத் தொட்டார். கைக்குட்டை மறுபடியும் படுத்துக்கொண்டது.

"தப்பா நெனைக்கலைன்னா சொல்றேன்."

"சொல்லுங்க."

"அங்க கப்பல்ல படுக்கும்போது ஒவ்வொருத்தனும் எதையாவது நெனைச்சுக்கிட்டுதான் தூங்குவான். நான் இதைத்தான் நெனைப்பேன். குழி தோண்டி டென்ட்டு கட்டுவேன். அடுப்பு மூட்டுவேன். நீ விளக்கை எங்க மாட்டுறதுன்னு கேப்ப. அதுக்குள்ள தூக்கம் வந்துடும். போயிட்டு வந்துட்டோம்னு வை, அப்புறம் அங்க நான் எதை நெனைக்கிறது?"

 எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள்ளேயே அவர் மேல் இரக்கமும் வந்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

"நெனப்புல ஒருத்தியைக் கூட்டிட்டுப் போய்ட்டீங்க, சரி. இங்க ஒருத்தி பேக்கு மாதிரி பஸ் ஜன்னல்ல எட்டிப் பாத்துக்கிட்டிருக்காளே, அவ என்ன பண்றது?"

 அவர் எழுந்து துண்டை உதறி மடித்தார். "ஞாயித்துக்கிழமை போலாம்" என்றார். "நிஜமாத்தான் சொல்றேன். நீ சொல்ற இடது பக்கமே போடலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. மறுநாளே சின்னப் பாத்திரம் ஒன்று வாங்கி வந்தார், இரண்டு பேருக்கு மட்டும் வேகிற அளவில். அதை அடுப்பில் வைத்துப் பழகிப் பார்த்தார். இரண்டு பேருக்குப் பத்தாமல் போனது. நாத்தனார் வந்து காலிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் திருந்திட்டான் போலிருக்கு" என்று வருத்தத்தோடு இறங்கிப் போனாள். நான் பட்டறையில் திங்கட்கிழமைக்கு விடுப்புச் சொன்னேன். அந்த வாரம் என் மெஷின் ஓடிய வேகத்தைப் பார்த்து முதலாளியம்மாவே எழுந்து வந்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. எங்கள் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் ஒன்றில் சமையல்காரருக்கு உடம்பு முடியவில்லையாம். ஞாயிறு சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது, இன்றே வந்து ஏற முடியுமா என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். முடியாது என்று சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் ஓடிவிட்டது. கட்டிக்கொண்டவளுக்கு அது போதும். "போய்ட்டு வாங்க" என்றேன்.

பெட்டியைத் தூக்கும்போது, "அடுத்த தடவை கண்டிப்பா" என்றார். நான் சின்னப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை முழுக்கப் பொருமித் தீர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலமாரி மேலிருந்து கூடாரத்தை இறக்கினேன். படியில் நாத்தனார் மறித்தாள்.

"எங்க அண்ணி, மூட்டையும் கம்புமா?"

"வளைவுக்கு."

"தனியாவா?"

"உங்கண்ணனும் அந்தப் பக்கமாத்தான் வர்றாரு" என்றேன்.

அவள் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துப் பேருந்து நிறுத்தம் வரை வந்தாள்.

மேட்டுச் சாலையிலிருந்து கீழே இறங்க ஒரு வழி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. மணல் சூடாக இருந்தது. நான் இத்தனை காலம் பிடிவாதம் பிடித்த என் இடது பக்கம் முழுக்கக் கூர்கூராகக் கல். மேலிருந்து பார்த்தபோது அது நிழல் மாதிரி தெரிந்திருக்கிறது. அவர் சொன்ன பக்கம்தான் நல்ல மணல். போனால் போகிறது என்று அங்கேயே மூட்டையை இறக்கினேன். கம்பை நட்டுக் கூடாரத்தை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் ஏறி நின்றதும் என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். புதுத் துணி வாசனை, வெளியே வெயில், வாசலுக்கு நேரே கடல். அவருக்கும் சேர்த்து இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை.

நான் என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் வரும். அவர் கூப்பிடுவார். 'கரையைப் பாருங்க, நான்தான்' என்பேன். அவர் திகைத்துப் போவார், நான் சிரிப்பேன், கொஞ்சம் குத்தலாகவும் பேசுவேன். பேச வேண்டியதை வரிசையாக வைத்திருந்தேன்.

வெயில் தணிகிற நேரத்தில் துறைமுகத்தின் பக்கமிருந்து கப்பல் வந்தது. அவ்வளவு பெரிய கப்பல் அங்கிருந்து பார்க்க விரல் நீளம்தான் இருந்தது. போன் அடித்தது.

"மேல வந்துட்டேன்" என்றார். காற்றில் அவர் குரல் சிதறியது. "வீட்டுலயா இருக்க?"

"ம்."

"கோபம் போச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "அட, இங்க பாரும்மா" என்றார். "நம்ம வளைவுல யாரோ டென்ட்டு போட்டிருக்காங்க. சின்னதா ஒரு புள்ளி தெரியுது. நான் சொன்ன அதே எடம். பாறைக்குப் பக்கத்துல."

"அப்படியா?"

"ஆமா. யாரோ, குடுத்து வச்சவங்க."

நான் எழுந்து நின்றேன். கை பாதி தூரம் மேலே போனது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். எந்தக் குரலுக்காக வீட்டுக் கூடத்தில் நாள்கணக்காக எதிரே உட்கார்ந்து காத்திருந்தேனோ, அந்தக் குரல்.

"பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. மணலு நல்லாத்தான் இருக்கு போல, அதான் போட்டிருக்காங்க. நாம இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாம், காத்து நல்லா வரும். அடுப்பு பாறைக்குப் பின்னாடி. வாசல் நீ சொன்ன மாதிரி கடலைப் பாத்தே இருக்கட்டும், நான் விட்டுத் தர்றேன். சரியா? என்ன சத்தத்தையே காணோம்?"

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். சொல்லுங்க."

"விளக்கை எங்க மாட்டுறது?"

அதை எப்போதும் நான்தான் கேட்பேன். அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.  கையை இறக்கினேன்.

"நடுக்கம்புல மாட்டலாம்" என்றேன். "ரெண்டு பேருக்கும் வெளிச்சம் வரும்."

"அதுவும் சரிதான்" என்றார். "அடுப்புல வெச்சுட்டு வந்திருக்கேன், அடி பிடிச்சிடும். நான் வர்றேன்." அதற்கு மேல் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. போன் தானாகவே நின்றுவிட்டது.

கப்பல் பாறையின் பின்னால் போய் மறைந்தது. நான் 'யாரோ' கட்டிய கூடாரத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கடல் சும்மா கிடந்தது. அழுதுவிட்டு மூட்டை கட்டலாம் என்று நினைத்த நேரத்தில், காற்றே இல்லாமல் தண்ணீர் எழும்பியது. நீளமாக ஒரு மடிப்பு வளைவு முழுவதும் பரவிக் கரையைப் பார்த்து வந்தது. எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. அது அவருடைய கப்பல் கிளப்பிவிட்டுப் போன அலை. இவ்வளவு நேரம் கழித்து இப்போதுதான் கரைக்கு வந்து சேருகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றேன். தண்ணீர் வந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்துகொண்டிருந்தது.