வெள்ளை பூத்த குண்டுகள்

நாளைக்குத் துப்பாக்கி சுடும் அணிக்கான மாநிலத் தேர்வு. நர்மதாவின் முன்னால் இரண்டு டப்பாக்கள். இரண்டிலும் ஏர் ரைஃபிளுக்கான ஈயக்குண்டுகள். ஒரே கம்பெனி, ஒரே எடை, அடியில் அச்சிட்ட பேட்ச் நம்பர் மட்டும்தான் வேறு. பெற்றவளே குழம்பும் இரட்டைப் பிள்ளைகள்! பழையதற்குக் கறுப்புப் பொட்டும் புதியதற்குச் சிவப்புப் பொட்டும் ஒட்டி வைத்திருந்தாள்.

போன தேர்வுக்குப் பழைய டப்பாவோடுதான் போனாள். நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி குண்டுகள் சிதறின. "உன் கை நிக்கல" என்றுவிட்டார் கோச். அன்றிலிருந்து சோறு பிசையும்போதுகூடத் தன் கையை உற்றுப் பார்ப்பாள், பாவம். கோளாறு கையில்தான் என்றால் கிளப் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஆனால் கையா, குண்டா? தெரிந்துகொள்ளாமல் விடுகிற ஜன்மமா அவள்? திருவொற்றியூர் குப்பத்தில், போட்டியில் சுடும் தூரமான பத்து மீட்டர் நீளத்துக்கு யார் வீடு இருக்கிறது? அப்பா ராசையாவின் வலைக்கொட்டகைதான் கதி. எதிர்ச்சுவரில் மணல்மூட்டை அடுக்கி குறி அட்டையைக் குத்தினாள். படகு ரிப்பேரில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வைஸில் துணி சுற்றித் துப்பாக்கியை இறுக்கினாள். இனிக் கை நடுங்கினால் என்ன, நடுங்காவிட்டால் என்ன?

சிவப்புப் பொட்டு, அத்தனையும் ஒரே ஓட்டைக்குள் போயின. கறுப்புப் பொட்டு, அதே பழைய நெல்லிக்காய் மூட்டை.

அடேயப்பா, பேட்ச் நம்பருக்கா இவ்வளவு வித்தியாசம்? நம்ப மனசு வரவில்லை. இரண்டையும் வெளிச்சத்தில் கொட்டிப் பார்த்தாள். பழைய குண்டுகளில் திருநீறு தூவினாற்போல் வெள்ளை. புதியவை விரலில் வழுக்கின. மோந்து பார்த்தாள். எண்ணெய்!

"நைனா! இதுல இன்னா தடவுன?"

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ராசையா நிமிர்ந்தார். "தூண்டில் முள்ளுக்குப் போடுற எண்ணெதான் கண்ணு. உப்புக்காத்துல ஈயம் பூத்துடும்ல? புச்சா வந்துகீதேன்னு லேசா தொடச்சி வெச்சேன். தப்பா?"

"தப்பான்னு வேற கேக்குறியா? எண்ணெயால நல்லா போவுதா, குண்டே நல்ல குண்டான்னு நான் எப்டி கண்டுபுடிப்பேன்? எல்லாம் பேஜாராப்பூட்ச்சு!"

கத்தி முடிப்பதற்குள் அவளுக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. பழைய குண்டுகளில் ஒரு பிடி எடுத்து, வெள்ளை போகத் தேய்த்துத் துடைத்து, அதே எண்ணெயைத் தடவினாள். புது அட்டை குத்தி, வைஸிலிருந்து சுட்டாள்.

ஒரே ஓட்டை. பேட்ச் நம்பர் ஒரு குற்றமும் செய்யவில்லை. மூடி சரியாக மூடாமல் பையில் கிடந்த டப்பாவுக்குள் கடற்காற்று புகுந்து செய்த வேலை அது. குண்டின் சங்கதி தெரிந்துவிட்டது. கை?

வைஸ் சுட்ட அட்டையைக் கழற்றி மணல்மூட்டைமேல் வைத்துவிட்டு வேறொன்றைக் குத்தினாள். வைஸைத் தளர்த்தித் துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். அதே குண்டுகள்தான். மூச்சைப் பிடித்துச் சுட்டு முடித்தாள். போய்ப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

ராசையாவே எழுந்து போனார். இரண்டு அட்டைகளையும் கொண்டுவந்து வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல வைஸு சுட்டது எதும்மா, நீ சுட்டது எது?"

நர்மதா அந்தக் கைகளாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.