ஒரே கொக்கியில் இரண்டு வில்லைகள்

மேனஸ் இருபது வருடமாக எல்லாரையும் ஏசிவந்த விஷயம் ஒன்றுதான்: வில்லை. மாலின் முனைக்கு அப்பால் கடலில் எழுபது மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் கப்பலுக்கு இறங்குகிறவன், போகும் வழியில் கப்பலோடு கட்டிய கயிற்றில் தன் பெயர் வில்லையைத் தனிக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஏறும்போது கழற்ற வேண்டும். கயிற்றில் வில்லை இல்லையென்றால் கீழே ஆள் இல்லை. கடைசியாகக் கழற்றுகிறவன் ஊஞ்சலை, அதாவது மிதவைகளில் தொங்கும் குறுக்குக் கம்பிகளை, கப்பல் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிடுவான். பிறகு இரண்டு மணி நேரம் நீரோட்டத்தோடு போய்க்கொண்டே, கம்பிக்குக் கம்பி நின்று நின்று ஏறுவார்கள். நேராக ஏறினால் ரத்தம் சோடா பாட்டில்போல் நுரைத்துவிடும்.

அன்று காலை ஃபெலிம் தன் கொக்கியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான்.

"உன் கொக்கியிலயே என்னுதையும் மாட்டிக்க மச்சான். ஒரு நாள்ல என்ன குடியா முழுகிடப் போகுது?"

"தலை உடம்போட ஒட்டியிருக்கறதால அதை மட்டும் மறக்காம கொண்டு வந்திருக்க," என்றான் மேனஸ்.

படகை ஓட்டும் நூலா மேனஸின் தங்கை, ஃபெலிமின் மனைவி. தேநீர்க் குவளையோடு சிரித்தாள். "இந்த மனுஷன் கட்டிக்கிட்டது என்னையா, உன்னையாண்ணே?"

மேனஸ் இரண்டையும் சேர்த்தே மாட்டினான். ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிற வாய் சொந்த மைத்துனனிடம் மூடிக்கொண்டது.

கப்பலின் சரக்கறைக்குள் யாருடைய கால் துடுப்போ பட்டுச் சேறு கிளம்பியது. தன் கை தனக்கே தெரியவில்லை. பிரிந்துவிட்டால் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது, அவரவர் கயிற்றுக்குப் போய்விட வேண்டும் என்பது பேச்சு. மேனஸ் தடவித் தடவி வெளியே வந்தான். கயிற்றடியில் ஃபெலிம் இல்லை. முந்திக்கொண்டான், கெட்டிக்காரன் என்று நினைத்தபடி ஏறினான்.

ஊஞ்சல் கட்டியிருந்த இடத்துக்கு வந்தபோது விரல்கள் மரத்துப் போயிருந்தன. மண்டைக்குள்ளும் குளிர் ஏறியிருந்தது. இருபது வருடம் செய்ததையே கை செய்தது. கொக்கியைக் கழற்றி இடுப்பில் மாட்டியது. கயிற்றைப் பார்த்தான், வெறும் கயிறு. ஊஞ்சலை அவிழ்த்துவிட்டான்.

நீரோட்டம் ஊஞ்சலை இழுத்துக்கொண்டது. மேல் கம்பிக்கு ஏறினான். ஃபெலிம் இல்லை. அதற்கு மேல் கம்பியிலும் இல்லை. இடுப்பிலிருந்த கொக்கியை விளக்குக்கு நேரே தூக்கினான். இரண்டு வில்லைகள் இருந்தன.

பாவி, படுபாவி என்று தன்னையே ஏசிக்கொண்டு, கயிறு இருந்த திசையில் எதிர்நீச்சல் போட்டான். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். மேலே ஏறவும் முடியாது, கீழே போகவும் முடியாது. ஃபெலிம் ஏறி வருவதற்கு வேண்டிய காற்றுச் சிலிண்டர்கள் இரண்டும் இதோ, இந்த ஊஞ்சலில், தொட்டுவிடும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

இடுப்பில் தொங்கிய எழுதுபலகையில் எழுதினான்: 'ஃபெலிம் கீழே. நான் அவிழ்த்துவிட்டேன்.' சிறு மிதவையில் கட்டி மேலே அனுப்பினான். சற்று நேரத்தில் படகின் எஞ்சின் அலறிக்கொண்டு விலகிப் போனது.

ஆளைப் படகில் ஏற்றியதும் நூலா இரும்பு ஏணியை இரண்டு முறை தட்டுவாள். அந்தச் சத்தம் தண்ணீருக்கடியில் தெளிவாகக் கேட்கும். மேனஸ் அதற்காகக் காத்திருந்தான். சாமி இல்லை என்று வாதாடியவன், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டான்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எஞ்சின் திரும்பி வந்து தலைக்கு மேலே நின்றது. மேனஸ் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான்.

அவள் தட்டவில்லை.

அவனுடைய பலகைதான் கயிற்றில் கட்டி இறங்கி வந்தது. அவன் எழுதியதை அழித்துவிட்டு நூலா எழுதியிருந்தாள்: 'அவசரப்பட்டு ஏறிடாதண்ணே. நேரத்த முடிச்சிட்டு வா.'

இன்னும் நாற்பத்தொரு நிமிடம் இருந்தது. மேனஸ் தன் வில்லையை மட்டும் உருவிக்கொண்டு, ஃபெலிமுடையதைக் கொக்கியோடு ஊஞ்சல் கயிற்றில் மாட்டினான். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.